இடியப்பக்காரியின் கூவல்

மலாயாவில், மூவார் படகுத்துறையில் இடியப்பம் விற்ற ஒரு பெண்ணின் கூவலை நான் திருடினேன். திருடியதைச் சொறி மருந்து விற்கும் கடைக்குக் கொடுத்தேன். அதற்குக் கூலியும் வாங்கினேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இனி வயதில்லை.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்துவிட்டதால் அல்ல. "என் பேரை உன் வாயில போட்டுக்காதே. மெட்டைப் போட்டுக்கிட்டது போதும்" என்று அவளே சொல்லியிருக்கிறாள். அந்த ஒன்றையாவது காப்பாற்றுகிறேன்.

அவளுக்கு அப்போது முப்பது வயதிருக்கலாம். ஒல்லியான, உயரமான உடம்பு. கொண்டையை இறுக்கிப் போட்டு அதில் ஒரு மரக்குச்சியைச் செருகியிருப்பாள். முன்கை முழுவதும் ஆவி பட்ட தழும்புகள் வெளிறிய புள்ளிகளாக இருக்கும். படித்துறை ஓரமாக ஒரு கரியடுப்பு, அதன்மேல் அண்டா, பக்கத்தில் மாவுச்சட்டி, அச்சு, வாழையிலை. வீட்டில் செய்து கூடையில் கொண்டுவந்து விற்பவர்கள் உண்டு. அவள் அப்படியில்லை. எல்லார் கண்ணுக்கும் முன்னால் பிழிந்து, அங்கேயே வேகவைத்து, தேங்காய்ப்பூவும் சிவப்புச் சீனியும் தூவிக் கொடுப்பாள். பிழிகிற கை தெரிய வேண்டும் என்பது அவளுடைய கட்டளை. யாரும் அவளுக்கு இட்ட கட்டளை அல்ல. அவளே தனக்குப் போட்டுக்கொண்டது.

பிறர் இட்ட கட்டளைக்கு அவளிடம் இருந்த பதில் ஒரே சொல்தான்: "எதுக்கு?" சண்டைக்காகக் கேட்பதில்லை. உண்மையாகவே காரணம் தெரிய வேண்டும் என்று கேட்பாள். சரியான காரணம் வந்தால் எழுந்துவிடுவாள். வராவிட்டால் மூவார் ஆறே பெருகி வந்தாலும் நகர மாட்டாள்.

ஒருநாள் தமிழ் தெரிந்த மாத்தா ஒருவர், அதாவது போலீஸ்காரர், படியை விட்டுத் தள்ளி உட்காரச் சொன்னார்.

"எதுக்கு?"

"துவான் வர்றாரு. பெரிய துவான்."

"வரட்டும். அவரு நடக்கப் படி இருக்கு. நான் உக்கார ஓரம் இருக்கு. ரெண்டுக்கும் சண்டை இல்லலா."

வெள்ளைக்காரத் துவான் வந்தார். யாரையும் பார்க்காமல் படகில் ஏறிப் போனார். "பாத்தீங்களா, அவருக்கு என்மேல ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் பயம்" என்று சொல்லி மாத்தாவிடம் ஓர் இலையை நீட்டினாள். மாத்தா சிரித்துக்கொண்டே வாங்கித் தின்றார். தின்றதும் காசுக்குக் கையை நீட்டினாள். அவர் கொடுத்தார்.

அவள் மூவாருக்கு வந்த கதையையும் நான் துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறேன், இடியப்பம் வேகிற நேரத்தில். ரப்பர் விலை விழுந்த காலம் அது. செடெனாக் பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் புருஷன் கப்பலேறினான். இவள் ஏறவில்லை.

"கைப்பிள்ளையா வந்தவ நான். அந்த ஊருல எனக்கு யாரைத் தெரியும்? புருசன் போறான், நீ ஏன் போகலைன்னு தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி கேக்குறாரு. என் புருசனுக்கு ஊரு அங்க, போறாரு. எனக்கு ஊரு இங்க, இருக்கேன்னு சொன்னேன்."

"கிராணி என்ன சொன்னார்?"

"ஆள் கணக்குலருந்து என் பேரை அடிச்சிட்டாரு. அடிச்சுக்கட்டும். பேரு அவரு வச்சதா?"

இனி அந்தக் கூவலைச் சொல்ல வேண்டும்.

"வெள்ளை இடியப்பம், வெந்த இடியப்பம், வாங்க, வாங்க, வா...ங்க." இவ்வளவுதான். தாளில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் மூன்றாவது 'வாங்க'வை அவள் மேலே இழுத்துக் கொண்டுபோய் அங்கேயே விட்டுவிடுவாள். கீழே இறக்க மாட்டாள். இழுத்ததும் மூச்சு வாங்குவாள். அதற்குள் இரண்டு இலை மடித்துவிடுவாள். அந்த இடைவெளியில் கேட்டவன் மனம் தவித்துப்போகும். இறங்காத மெட்டை அவனே இறக்கி வைக்கப் பார்ப்பான். முடியாது. நாளெல்லாம் அது அவன் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். முடிந்த பாட்டு போய்விடும். முடியாத பாட்டுதான் தங்கும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் வகுப்பில் தெரிந்துகொண்டேன். ஊர் ஓரத்தில் இருந்த சின்னத் தமிழ்ப் பள்ளியில் நான் வாத்தியார். ஒருநாள் இரண்டாம் வாய்ப்பாட்டைப் பிள்ளைகள் அவள் மெட்டில் ஒப்பித்தார்கள். அதட்டி நிறுத்தினேன். நானே சொல்லிக் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தால் எனக்கும் அதே மெட்டுதான் வந்தது.

தோட்டங்கள் ஆட்களை அனுப்ப அனுப்பப் பள்ளியிலும் பிள்ளைகள் குறைந்தார்கள். கடைசியில் பள்ளியை மூடினார்கள். ஊரில் ஒரு மருந்துக்கடை முதலாளி என்னைக் கூப்பிட்டார். சொறி, படை, சேற்றுப்புண்ணுக்கு அவர் ஒரு களிம்பு செய்து விற்றார்.

"வாத்தியார், நோட்டீஸ் அடிச்சு என்ன பிரயோசனம்? படிக்கத் தெரிஞ்சவன் காலுல செருப்பு போட்டிருக்கான், அவனுக்குச் சேத்துப்புண்ணே வராது. இது காதுல விழணும். விழுந்தது வெளிய போகக் கூடாது."

நான் படித்ததையெல்லாம் கொட்டி எதுகை மோனையோடு எட்டு வரிகள் எழுதிக் கொண்டுபோனேன். நான் வாசித்து முடிப்பதற்குள் முதலாளி தூங்கிவிட்டார். மறுநாள் காலை முகம் மழித்துக்கொண்டிருந்தபோது அவள் கூவல் தலைக்குள் எழுந்தது. கத்தியைக் கீழே வைப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

"கையில சொறியா, காலில சொறியா, தடவு, தடவு, தட...வு."

யாருடைய மெட்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தேன். 'தடவு' என்ற சொல்லை அவளுடைய 'வாங்க' இருந்த அதே இடத்தில் வைத்தேன். அந்த இடம்தான் வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும்.

முதலாளி மாட்டுவண்டியில் தம்பட்டமும் தகரக் குழலும் வைத்துத் தெருத்தெருவாக அனுப்பினார். சில நாட்களில் ஊர் முழுவதும் தொற்றிக்கொண்டது. ஒரு தமிழ்ச் சொல்லும் அறியாத மலாய் மீன்காரர் மீன் வெட்டும்போது பாடினார். சீன முடிதிருத்துபவரின் கத்திரிக்கோல் அந்தத் தாளத்தில் நடந்தது. கோயிலில் ஒரு பெரியவர் கண்ணை மூடித் திருநீறு பூசிக்கொண்டே "தடவு, தடவு" என்று முணுமுணுத்ததை நானே கேட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை. களிம்பு வாங்கியவர்களைவிடப் பாடியவர்கள் அதிகம். சொறியே இல்லாதவர்களும் பாடினார்கள். பாடும்போது அர்த்தம் யாருக்கும் தேவைப்படவில்லை.

தெருக்களையெல்லாம் சுற்றிவிட்டு வண்டி கடைசியாகப் படகுத்துறைக்கு வந்த நாளில் அவள் கூவிக்கொண்டிருந்தாள். "வாங்க, வாங்க, வா...ங்க" என்று இழுத்து மூச்சு வாங்கினாள். அந்த இடைவெளியில் படகிலிருந்து யாரோ ஒருவன் "தடவு, தடவு, தட...வு" என்றான். துறையே சிரித்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி கூவினாள். இப்போது பத்துப் பேர் பதில் பாடினார்கள்.

அடுப்பை யாரிடமோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நேரே மருந்துக்கடைக்கு வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது.

"யாரு கட்டுனது இந்தப் பாட்டு?"

முதலாளி கண்ணாலேயே என்னைக் காட்டினார்.

"வாத்தியாரே, நீங்களா? தினம் காலையில என்கிட்டத்தானே தின்னீங்க?"

"அக்கா, மெட்டுன்னா அது காத்துல வர்றது. யாருக்கும் சொந்தமில்ல."

அவள் என் சட்டையைப் பார்த்தாள். "அப்ப உங்க வீட்டுக் கொடியில காயிற சட்டைய நான் எடுத்துக்கலாமா? அதுவும் காத்துலதானே ஆடுது?"

முதலாளி சிரித்தார். நான் மேசையில் இருந்த களிம்பு டப்பாக்களை அடுக்கத் தொடங்கினேன். "நீ நல்லா இரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த 'நீ'யை அதற்குப் பிறகு அவள் மாற்றவே இல்லை.

சிரிப்போடு போயிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். சிரிப்புக்குப் பின்னால் ஒரு பேச்சு வந்தது. ஏன் அவள் மெட்டில் பாட்டு? அந்த அம்மாவுக்குத்தான் சொறி வந்து இந்தக் களிம்பில் ஆறிற்றாம், அதனால்தானாம். கையைப் பார், புள்ளி புள்ளியாகத் தெரியவில்லையா? பிழிகிற கை எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று அவள் வைத்திருந்த கட்டளையே அவளுக்கு எதிராகத் திரும்பியது. எதிரே காப்பிக்கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே என்று கூப்பிடுவோம், தினமும் ஒரு தட்டு நிறைய வாங்குவார். அவர் ஒருநாள் தட்டைத் தள்ளினார்.

"அக்கா, கை சாக்கிட் லா" என்றார். கைக்கு வியாதி என்கிறார்.

அவள் இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். "ஆவி பட்டது. தொட்டுப் பாருங்க." தவுக்கே தொடவில்லை. பின்னுக்கு நகர்ந்தார்.

மறுநாள் ஒரு வாளித் தண்ணீரைப் படியின் நடுவில் வைத்து, எல்லாரும் பார்க்கக் கையைத் தேய்த்துக் கழுவினாள். அந்தத் தாளத்துக்கும் யாரோ "தடவு" என்றார்கள். மாவு மிஞ்சத் தொடங்கியது. மிஞ்சியதை ஆற்றில் கொட்டுவாள், மீன்கள் கூடும். அவளுக்கு வேறு வருமானம் கிடையாது. துறையை விட்டால் தோட்டம்தான். தோட்டத்தில் அவள் பெயரை அடித்தாகிவிட்டது.

ஊரில் அவள்மேல் இரக்கம் வைத்தவர்களும் இருந்தார்கள். வெற்றிலைக் கடைக்காரர் சொன்னார்: "நீ கூவாதம்மா. சும்மா உக்காந்து வித்தாலே ஆளு வரும். இல்லைன்னா மெட்டை மாத்திக்கோ."

"எதுக்கு?"

"அலமாக், கூவுனாத்தானே பாடுறானுங்க?"

"என் வாயிலருந்து வர்றது என்னுது. நான் மாத்தினா, எடுத்தவனுக்கே பட்டா எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். பட்டினி கெடந்தாலும் கூவிட்டுத்தான் கெடப்பேன்."

கூவினாள். ஒவ்வொரு படகு வந்தபோதும் கூவினாள். ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. அவள் குரல் இறங்கவே இல்லை. இன்னும் ஏறியது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதுவரை எனக்கு வருத்தம் வரவில்லை. சங்கடம் இருந்தது, அதற்காகத் துறைப்பக்கம் போகாமல் இருந்தேன். ஒருநாள் அக்கரைக்குப் போக வேண்டியிருந்தது. அவள் குனிந்து அச்சை அழுத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. உதடுகள் அசைந்தன. "தடவு, தடவு" என்று அவளே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே தெரியாமல் வந்திருக்கிறது. சட்டென்று கை நின்றது. அச்சைக் கீழே வைத்தாள். "உள்ளயே வந்துட்டான்" என்றாள், யாரிடமும் அல்ல. பிறகு நிமிர்ந்து, துறையில் ஒரு படகும் இல்லாத நேரத்தில், ஆளில்லாத ஆற்றைப் பார்த்து, முதலிலிருந்து கடைசி வரை தன் கூவலைக் கூவினாள். இன்னொரு முறையும் கூவினாள். நான் படகு ஏறாமல் திரும்பினேன்.

செய்ததைச் சரிசெய்யப் பார்த்தேன். முதலில் முதலாளியிடம் போனேன். "வண்டியை நிறுத்திடுறேன், வாத்தியார். இப்ப வண்டியே வேணாம், ஊரே எனக்குச் சும்மா பாடுது" என்றார். சொன்னபடி நிறுத்தினார். பாட்டு நிற்கவில்லை. அடுத்து, அதே களிம்புக்கு வேறு மெட்டில் ஒரு பாட்டு எழுதினேன். புதியது உள்ளே போனால் பழையது வெளியே போகும் என்று நினைத்தேன். இலக்கணமெல்லாம் சரியாக இருந்தது. ஒருவரும் பாடவில்லை. அதன்பிறகுதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அவளுக்கென்றே ஒரு புதுக் கூவலை எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

வாங்கினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "என்ன இது?"

"புதுசா ஒரு மெட்டு, அக்கா. உங்களுக்காக."

தாளைச் சுருட்டி அடுப்பில் வைத்தாள். கரி அணையும் நிலையில் இருந்தது. தாள் பட்டதும் எரிந்தது. "இதுக்கு ஆச்சு" என்று சொல்லி அண்டாவைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இன்னும் என்ன?"

"நான் என்ன செய்யணும், அக்கா?"

அவள் ஓர் ஈடு எடுத்துத் தட்டில் கொட்டினாள். என் கோட்டைப் பார்த்தாள். தலைப்பாகையைப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில வா. கோட்டைக் கழட்டாம வா. இந்தப் படியில நின்னு நீ கூவு. என் சொல்லை மட்டும் கூவணும். உன் சொல்லு ஒண்ணு சேந்தாலும் ஆத்துல தள்ளிடுவேன்."

போனேன். கோட்டும் தலைப்பாகையுமாக நின்று இடியப்பம் கூவினேன். முதல் படகில் என்னிடம் படித்த பிள்ளைகளின் தகப்பன்மார் இருந்தார்கள்.

"வாத்தியாரே, உங்களுக்கா சொறி?" என்றான் ஒருவன்.

"எந்தக் கையில, சார்?" என்றான் இன்னொருவன்.

"தடவு, தடவு, தட...வு" என்று படகே பாடியது. என்னைப் பார்த்துப் பாடியது.

அவள் என் பின்னால் உட்கார்ந்து பிழிந்துகொண்டிருந்தாள். இடியப்பக்காரி பக்கம் அன்று யாரும் திரும்பவில்லை. படித்த மனிதன் ஒருவன் படியில் நின்று கூவுவதைப் பார்ப்பதில் அதைவிட ருசி இருந்தது. அவள் கணக்கு அதுதான் என்று எனக்குப் பிறகு புரிந்தது. தலைக்குள் புகுந்ததை வெளியே எடுக்க யாராலும் முடியாது. ஆனால் அது யாரைப் பார்த்து வாயிலிருந்து வர வேண்டும் என்பதை மாற்றலாம். எழுதத் தெரியாத அவளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று நான் வியக்கத் தயாரில்லை. சந்தையில் பிறர் சிரிப்புக்கு ஆளான எவருக்கும் அது தெரியும். சிரித்தவன் பக்கத்திலேயே இருந்த எனக்குத்தான் தெரியவில்லை.

வாரக்கணக்கில் கூவினேன். 'சொறி வாத்தியார்' என்ற பெயர் வந்தது. அது என்னை விடவே இல்லை. ரப்பர் விலை ஏறிப் பள்ளியைத் திறந்தபோது என்னைச் சேர்க்கவில்லை. "நீங்க வந்து நின்னா பிள்ளைங்க பாடும், சார்" என்று நிர்வாகி தரையைப் பார்த்துச் சொன்னார். ஜொகூர் பாருவில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போனேன். அங்கேயும் மூவார்க்காரன் ஒருவன் வந்து சேர்ந்தான். பெயரும் வந்து சேர்ந்தது. பெண் பார்க்கப் போன வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரு சிறு பெண் அதைப் பாடிவிட்டுச் சிரித்தாள். எனக்கு இதில் எந்தக் குறையும் இல்லை என்று சொன்னால் பொய். வலித்தது. ஆனால் அது என் சொத்து, நான் எழுதியது, என்னிடம்தானே வர வேண்டும்?

நான் ஊரை விட்டுப் போவதற்குச் சில நாட்களுக்கு முன், ஒரு காலையில், வழக்கம்போலப் படியில் ஏறி வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து அவள் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"இறங்கு. போதும். இது என் இடம்."

இறங்கி ஓரமாக நின்றேன். அக்கரையிலிருந்து படகு வந்து முட்டியது. ஆட்கள் இறங்கினார்கள். அவள் எழுந்து நின்று, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, "வெள்ளை இடியப்பம், வெந்த இடியப்பம், வாங்க, வாங்க, வா...ங்க" என்று மேலே கொண்டுபோய் விட்டாள். மூச்சு வாங்கினாள். அந்த இடைவெளியில் ஒருவன் வாயைத் திறந்தான். அவளைப் பார்த்தான், பிறகு கழுத்தைத் திருப்பி என்னைத் தேடிக் கண்டுபிடித்து, "வாத்தியாரே, தடவு" என்றான். எல்லாரும் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்கள். இரண்டு இலை, மூன்று இலை என்று கேட்டார்கள். காப்பிக்கடைத் தவுக்கேயும் தட்டோடு வந்து நின்றார்.

எனக்கும் பசித்தது. முன்னால் போய்க் கையை நீட்டினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பின்னாடி போயி நில்லு, வாத்தியாரே. ஆளுங்க நிக்கிறாங்கள்ல?"

போய் நின்றேன்.